முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். சென்னையில் ஒரு நிறுவனம் தயாரிக்கும் வீடியோ கேம்களை, வெளியே விடுவதற்கு முன் விளையாடிப் பார்த்து, எந்தச் சுவருக்குள் கை புகுந்துவிடுகிறது, எந்த இடத்தில் ஆள் தரைக்குள் விழுந்து காணாமல் போகிறான் என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ விட்டுவிட்டேன். "வெளையாடறதுக்கு வேல குடுத்துருக்காங்களாம் இவளுக்கு" என்று கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சில நாள் மின்சார ரயிலில் சென்னைக்குப் போவேன். மற்ற நாளெல்லாம் திருத்தணியில், மலையடிவாரத்துத் தெருவில் உள்ள எங்கள் வாடகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்வேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். நைனா காணாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அம்மையார்குப்பத்தில் விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். தறிச் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும், பின்னாலிருந்து கூப்பிட்டால் சுத்தமாகக் கேட்காது. தெருவில் போகும்போது அவர் முன்னால் போவார், அம்மா நாலடி பின்னால் போவாள். எங்கள் தெருவில் அந்த வயதுத் தம்பதிகள் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். அம்மா பின்னால் வருகிறாளா என்று காதால் தெரிந்துகொள்ள முடியாததால், நைனா கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவார். அம்மாவுக்கு அது எரிச்சல். "இன்னாத்துக்கு சும்மா சும்மா திரும்பினு? நான் எங்க ஓடியா போயிடப் போறேன்?" என்று கேட்பாள். அதுவும் அவர் காதில் விழாது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது, நல்லபடியாக எழுந்து வந்தால் மலையில் முடி கொடுப்பதாக நைனா வேண்டிக்கொண்டார். அடர்த்தியான சுருள் முடி அவருக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா அவரை மொட்டைத் தலையோடு பார்த்ததே இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று இருவரும் போனார்கள். மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் முழுகி, தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டியோடு அவர் படியை நோக்கி நடந்தார். அவருடைய சட்டையும் செல்போனும் அம்மாவின் பையில் இருந்தன. அம்மா வழக்கம்போலப் பின்னால் நடந்தாள். காவடிகளும் கூட்டமும் இடித்துத் தள்ள, கண்ணை எடுக்காமல் அந்தச் சந்தனத் தலையையே பார்த்துக்கொண்டு மலையுச்சி வரைக்கும் போய்விட்டாள். உச்சியில் அந்த ஆள் திரும்பினார். முகம் வேறு யாருடையதோ. "ஏம் காவாலம்மா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார், என்ன வேண்டும் என்று.

அம்மா ஓடி இறங்கினாள். நைனா கீழே இல்லை, மேலே இல்லை, வீட்டுக்கும் வரவில்லை. வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். பிறந்ததிலிருந்து பார்த்த மலை, அவர் குழந்தையும் இல்லை. அரக்கோணம் ஸ்டேஷன், ரேணிகுண்டா, திருப்பதி என்று எங்கெங்கோ தேடினோம். அன்றைக்குக் கண்காணிப்புக் கேமராவில் பதிவானதைப் போலீஸில் காட்டினார்கள். உயரத்திலிருந்து எடுத்த படம். திரை முழுக்கச் சந்தனப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. யார் தலை யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். எல்லாரும் அவசரமில்லாமல் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, மேலிருந்து பார்த்தபடி ஆட்களை நகர்த்தி விளையாடும் கேம் எது வந்தாலும் அதை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் யாரைப் பற்றியும் கவலை வராது. அந்தக் கவலையின்மை எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா தாலியைக் கழற்றவில்லை, மஞ்சள் பூசுவதை விடவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காது வாசல் பக்கம் இருக்கும். அக்காவின் கணவர், எங்கள் பாவா, பள்ளிப்பட்டில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், நல்ல மனிதர். வரும்போதெல்லாம் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து நைனாவுக்குக் காரியத்தை முடித்துவிடலாம் என்று மெல்லப் பேச்செடுப்பார். "பாக்கலாம், மாப்ள" என்பாள் அம்மா. கடைசியில் தை அமாவாசைக்குச் செய்வதென்று அவரே நாள் குறித்துவிட்டார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கோ அது முடிந்தால் போதும் என்றிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையில் சோற்றோடு நின்றுவிடுவதை என்னால் தினமும் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிறுவனம் ஒரு ரோல் பிளேயிங் கேமில் இறங்கியது. ஓர் ஆளை நாமே உருவாக்கி, அவனாகவே ஊர் ஊராகச் சுற்றி, சண்டை போட்டு, சம்பாதித்து, நேசித்து வாழ்கிற விளையாட்டு. அதில் கேமராவை எங்கே வைப்பது என்பதில் அலுவலகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஆளின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அவன் போகிற இடமெல்லாம் நாம் பின்தொடர்ந்து போவோம். அவன் கண்ணுக்குள் வைத்தால் ஆள் தெரியமாட்டான், அவன் பார்ப்பது மட்டும் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். எங்களுக்கு அதுதான் கேமின் உயிர். முதுகைப் பார்த்து விளையாடும்போது அவனுக்கு அடிபட்டால் "ஐயோ பாவம்" என்போம். கண்ணுக்குள் போய்விட்டாலோ கத்தி வரும்போது நாம் நாற்காலியில் தலையைக் குனிவோம். அதே ஆள், அதே கத்தி. முன்னதில் அவன் நமக்கு யாரோ ஒருவன், பின்னதில் அவன் இருக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். கடைசியில், இரண்டையும் வைத்து ஒரு பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகி, கேமராவைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கேமராவைச் சோதிக்கும்போது நாங்கள் மொட்டைத் தலை ஆளைத்தான் பயன்படுத்துவோம். முடி வைத்தால் அது தோளுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும், சட்டை போட்டால் மடிப்புகள் கேமராவை மறைக்கும். அதனால் வெற்று மேலுடம்பு, இடுப்பில் ஒரு துணி, மொட்டைத் தலை. சுற்றிலும் வண்ணம் பூசாத சாம்பல் நிற மைதானம், நடுவில் ஏறிப் பார்க்க ஒரு சாம்பல் நிற மேடு. என் மடிக்கணினித் திரை சிறியது என்பதால் கூடத்து டி.வி.யில் இணைத்துக்கொண்டேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த யோசனையும் ஓடவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்.

நல்ல வெயில் நேரத்தில், அம்மா அவித்த வேர்க்கடலைக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி அது?"

"யாரும் இல்லம்மா. கேம்ல வர்ற ஆளு. டெஸ்ட்டுக்கு வச்சிருக்கேன்."

"மொட்ட அடிச்சது யாரு?"

"நான்தான்."

அப்போதுதான் அவள் பார்ப்பதை நானும் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மொட்டைத் தலை மனிதர் மேடேறிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்புத் துணி பழுத்த மஞ்சள்.  அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"அணைக்காத" என்றாள் அம்மா. கீழே உட்கார்ந்தாள். "எங்க போறாரு?"

"நான் எங்க போகச் சொல்றேனோ அங்க."

"மேல போகச் சொல்லு."

அவரை மேட்டின் உச்சி வரைக்கும் ஏற்றினேன். அம்மா மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் நிறுத்தி, "ஆளத் திருப்பட்டுமா? மூஞ்சியப் பாக்குறியா?" என்று கேட்டேன். யாருடைய ஜாடையும் இல்லாத, நிறுவனத்தில் ஆரம்பத்திலேயே செய்து வைத்திருந்த ஒரு முகம் அது. அதைப் பார்த்தால் இந்த விபரீதம் அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அம்மா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். "திருப்பாத. முதுகு போதும் எனக்கு."

அதன் பிறகு அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள். சீரியல் பார்க்கிற நேரத்தை இதற்கு மாற்றிக்கொண்டாள் என்று அக்காவிடம் போனில் கிண்டலாகச் சொன்னேன். சொல்லும்போதே கிண்டல் செத்துப்போனது. எனக்கு அந்தக் கூடத்தில் வேலை செய்யவே பிடிக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பது இரண்டு பேர் என்ற கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பத் தொடங்கியது. ஒருநாள் சமையல்கட்டிலிருந்து அம்மா கூடத்தைப் பார்த்து, "வெயில்ல நிக்க வச்சிருக்கியே, ஓரமா நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டாள். அந்த மைதானத்தில் வெயிலும் கிடையாது, நிழலும் கிடையாது. இருந்தாலும் ஆளை ஒரு சுவரோரமாக நகர்த்தினேன். சுவரில் முதுகை ஒட்டி நிறுத்தியதும் பின்னால் இடமில்லாமல் கேமரா அவருடைய தலைக்குள்ளேயே போய்விட்டது. உள்ளே மண்டை ஓடு இல்லை, மூளை இல்லை. இரண்டு விழிகளும் ஒரு வரிசைப் பற்களும் மட்டும் பின்புறமாக, வெற்றிடத்தில் மிதந்துகொண்டிருந்தன. இது எல்லாக் கேமிலும் வருகிற கோளாறுதான், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவசரமாக அவரை முன்னால் நகர்த்திவிட்டு, அம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, அவள் அடுப்படியில் இருந்தாள்.

அலுவலகத்தில் நாங்கள் மணிக்கணக்கில் கேமராவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அம்மா கேட்ட கேள்வியை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"அவரு பின்னாலயே போறது யாருடி?"

"நான்தாம்மா. அதாவது கேமரா."

"நீ பின்னால வர்றது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேமராவுக்கு உடம்பு கெடையாதே. அவரு திரும்புனாலும் நாம தெரிய மாட்டோம்."

"உடம்பில்லாத ஒண்ணு பின்னாலயே வருது, அது தெரியாம நடந்துகினு இருக்காரு" என்று சொல்லி உச்சுக்கொட்டினாள்.  அதற்கப்புறம் கொஞ்ச நாள், தெருவில் போகும்போது என் முதுகு எனக்கே தெரிவதுபோல ஓர் எண்ணம் விடாமல் கூட வந்தது. காய்கறிக் கடையில் நிற்கும்போது, என் தலைக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, யாரோ நின்று நான் தக்காளி பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். எந்தக் கோணம் என்றுகூட என்னால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. நான் கேமுக்குச் சிபாரிசு செய்த கோணம் அது.

ஒருநாள் பொத்தான் மாறி அழுத்திவிட்டேன். கேமரா முன்னால் பாய்ந்து ஆளின் கண்ணுக்குள் போய் நின்றது. திரையில் சாம்பல் மைதானம் மட்டும் இருந்தது.

"எங்க போனாரு?" அம்மா பதறினாள்.

"இங்கதாம்மா இருக்காரு. இப்ப நாம அவரு கண்ணு வழியாப் பாக்குறோம்."

"கீழ பாரு."

பார்வையைக் கீழே இறக்கினேன். தரைதான் தெரிந்தது.

"காலு எங்க?"

"இன்னும் பண்ணலம்மா. இந்தப் பார்வைக்கு உடம்பு அடுத்த மாசம்தான் வரும்."

கையிலிருந்த கேம் கருவியின் குச்சியைத் தள்ளினேன், தரை நகர்ந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "காலில்லாம நடக்குறது யாருடி?" என்று கேட்டாள். இந்தக் குறையை நான் ஏற்கெனவே அலுவலகத்தில் சொல்லியிருந்தேன், அவசரமில்லை என்ற குறிப்போடு. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, காலில்லாமல் நடப்பது எது என்று அதுவரை உறைக்காதது ஆச்சரியம்தான். அம்மா பூஜை அலமாரியிலிருந்து விபூதி எடுத்துவந்து தன் நெற்றியில் பூசினாள், என் நெற்றியில் பூசினாள், டி.வி.யின் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்தாள். பிறகு, "பின்னாலயே வச்சிக்க. உள்ள போவாத" என்றாள். அந்தக் கோட்டைத் துடைக்க எனக்கும் தைரியம் வரவில்லை.

தை அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. பாவா தர்ப்பை உருவத்துக்கும் ஐயருக்கும் சொல்லிவைத்துவிட்டார். ஒரு பிற்பகல், யாரோ போனில் கூப்பிட, கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"உங்க நைனா திரும்புனாரு."

"அது நைனா இல்லம்மா" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இரு. பாரு."

காத்திருந்தோம். மேட்டின் பாதியில் அவர் நின்றுகொண்டிருந்தார். மூச்சு விடும் அசைவு மட்டும் முதுகில் தெரிந்தது. பிறகு, ஒருவரும் எதையும் தொடாமலே, இடது தோளுக்கு மேலாகத் தலையை மெல்லத் திருப்பினார். காதும் கன்னத்தின் விளிம்பும் தெரிகிற அளவுக்கு. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.  அந்த ஆள் என்னென்ன செய்வான் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும், இது அதில் இல்லை.

அதைப் பதிவு செய்து, அலுவலகத்தில் அசைவுகளை உருவாக்கும் பெண்ணுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் வைத்துத் திரையைப் பார்த்தபடி பேசினேன்.

"ஓ, அதுவா? துணைக்கு வர்ற கேரக்டருக்காகப் புதுசா போட்டேன். கூட வர்றவங்க ரொம்பப் பின்தங்கிட்டா ஹீரோ திரும்பிப் பார்ப்பான். ஆனா உங்க மேப்ல, அந்த மைதானத்துல, துணையே கிடையாதே. அங்க எதையோ துணைன்னு எடுத்துக்குது. என்னன்னு கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

தேடினேன். மூலைமுடுக்கு விடாமல் மைதானம் முழுக்கத் தேடினேன். சாம்பல் கட்டைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று அம்மா கேட்டாள். கூட வருகிறவர் பின்தங்கிவிட்டால் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார், அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.  மலைமேல் ஒலிபெருக்கியில் யாரோ பக்தர் ஒருவரைத் தேடி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கேட்கிற அறிவிப்புதான்.

"அன்னிக்கு ஒருவாட்டி போட்டியே, கண்ணு வழியா" என்றாள். "அதப் போடு."

"உனக்குத்தான் அது பயமாச்சே."

"போடு. அவரு பாக்குறத நான் பாக்கணும்."

பொத்தானை அழுத்தினேன். முதுகு மறைந்தது. எதிரே மேட்டின் சரிவு, அதற்கு மேல் சூரியன் இல்லாத வானம். அம்மா டி.வி.க்கு வெகு அருகில் போய், திரையின் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத் திருப்பு. இடது பக்கமா."

குச்சியை இடதுபுறம் தள்ளினேன். சரிவு நகர்ந்தது, மைதானம் வந்தது. ஏறி வந்த பாதை கீழே நீண்டு கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை. முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த நாங்களும் அங்கே இல்லை. மறுபடி முன்னால் திருப்பி, மறுபடி பின்னால் திருப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"நான் அங்க இல்ல" என்றாள் அம்மா.

"அது வெறும் மேப்மா. அங்க யாரையுமே வைக்கல."

"நான் அந்தத் தெலுங்கு ஆளு பின்னால மேல போயிட்டேன். அவரு கொளத்தண்டயே இருந்துருக்காரு. நாலடிக்கு ஒருவாட்டி திரும்புற மனுஷன், திரும்பாமயா இருந்துருப்பாரு? திரும்பிப் பாத்தா நான் இல்ல." அவள் அழவில்லை. கணக்குப் போட்டு விடை வந்தவள் மாதிரி நிதானமாகப் பேசினாள். "நாம எல்லாரும் தப்பாவே தேடிகினு இருந்தோம்டி. காணாமப் போனது அவரு இல்ல. நான்தான் காணாமப் போயிட்டேன்."

"அப்படின்னா அவரு வீட்டுக்கு வந்துருக்கலாமேம்மா" என்றேன். அத்தனை வருடமும் நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

அம்மா என்னை ஏதோ புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என்னைய அங்க தொலச்சிட்டு, அவரு மட்டும் எப்டிடி வீட்டுக்கு வருவாரு?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடப் பயம் அதிகமாக இருந்தது. குறை கண்டுபிடித்தே பிழைக்கிற எனக்கு, அவள் சொன்னதில் ஓர் ஓட்டைகூடக் கிடைக்கவில்லை.

அமாவாசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாவா வந்தார். காய்கறிப் பையை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சொல்லியாச்சு, அத்த. நீங்க வந்து ஒக்காந்தா போதும்" என்றார்.

"அவரு என்னைத் தேடிகினு இருக்காரு, மாப்ள. தேடுற மனுஷனுக்குப் போயிக் காரியம் பண்ணுவாங்களா?"

பாவா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "இன்னா இது? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? ஊட்ல மொட்டத்தல பொம்மைய வச்சி ஆட்டிகினு இருக்கியாமே?" என்றார். அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டதில் தப்பில்லை.

அம்மா அவரைச் சமாதானப்படுத்தினாள். "இந்த மாசக் கிருத்திகைக்கு ஒருவாட்டி மலைக்குப் போயிட்டு வர்றேன், மாப்ள. அவரு கெடைக்கலன்னா நீங்க சொல்றபடி செஞ்சிடலாம். நானே தாலியக் கழட்டித் தர்றேன்."

பாவா தலையாட்டினார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. மறுபக்கம், அந்தத் தாலி அவள் கழுத்திலிருந்து இறங்குவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிருத்திகை அன்று காலையிலேயே கிளம்பினோம். நைனா தொலைந்த அன்றைக்கு அம்மா கட்டியிருந்த அதே பச்சைப் புடவை, சிவப்புக் கரை. கையில் அதே பை, உள்ளே அதே சட்டை, அதே செல்போன். "நான் இனிமே தேடப் போறதில்லடி. தேடுறவரு கண்ணுல படுற மாதிரி நிக்கப் போறேன்" என்றாள். பொய்கைக் கரையில், படி தொடங்குகிற இடத்தில், குளத்தைப் பார்த்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மொட்டை போட்டுக்கொண்டவர்கள் முழுகி எழுந்து, சந்தனம் பூசிக்கொண்டு, எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரே ஆளாகத் தெரிகிறவர்கள், எதிரே நின்று பார்க்கும்போது ஆளுக்கொரு முகமாக வந்தார்கள். மூக்கு கோணலானவர், வெற்றிலை மென்றவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர். எல்லா முகத்தையும் நான் பார்த்தேன். நைனாவின் முகம் இல்லை.

அம்மா யாரையும் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வெயில் ஏறியது. போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மாலையில் நைனா தறியிலிருந்து வீட்டுக்கு வரும்போது அப்படிச் செய்வாள். பிறகு பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி, மடித்து, கைமேல் போட்டுக்கொண்டாள். எதிரே சரியாக அந்த நேரத்தில் யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. குளத்தின் ஈரப் படிக்கட்டு வெறுமையாகக் கிடந்தது.

அவள் திரும்பினாள். முகம் சாதாரணமாக இருந்தது.

"போலாம்" என்றாள். "நீ முன்னால நட. உன் பின்னால நான் வர்றேன்."

"வீட்டுக்காம்மா?"

"மேல. வேண்டுதல் பாதியில நிக்குதே. இத்தன வருசம் நான் பின்னால போனேன். இன்னிக்கு நான் முன்னால போறேன், அவரு பாத்துகினே வரட்டும்."

அவள் கை காலியாக இருந்தது. சட்டையை எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒருவேளை பைக்குள்ளேயே திரும்ப வைத்திருக்கலாம். நான் முன்னால் ஏறத் தொடங்கினேன். வேலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேமராவைச் சுழற்றி, ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள் நான். கட்டைவிரலை லேசாகத் தள்ளினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அன்று என் கழுத்து அசைய மறுத்தது. திரும்பினால் அம்மாவுக்குப் பின்னால் வெறும் படி இருக்கும், அப்படியென்றால் தை அமாவாசைக்குத் தர்ப்பை உருவம் எரியும். அல்லது வெறும் படி இருக்காது. இரண்டில் எதைப் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மலையின் பாதியில், எனக்குப் பின்னாலிருந்து, அம்மா தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"மெதுவாப் போடி. அவருக்கு மூச்சு வாங்குது."

நான் திரும்பவில்லை. நடையைக் குறைத்துக்கொண்டேன்.